ஹெலெனா பாட்டி டிராவல்ஸ்

வரதராஜன்பேட்டை, பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடம் கொடுத்த ஊர். அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கம், கும்பகோணம் மறைமாவட்டம், சுற்றிலும் முந்திரிக்காடு. இப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, "புனித பூமிப் பயணத்துக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று சாமியார் அறிவித்தால், எழுகிற முதல் கேள்வி விசுவாசத்தைப் பற்றியதாக இருக்காது.

"சாமி, அங்க சோறு கிடைக்குமா?"

சிரிக்கக் கூடாது. வேதாகமத்திலேயே இருக்கிற கேள்வி இது. உலகின் முதல் டூர் கைடு மோசே. அவர் நம்பி அழைத்துப்போன கூட்டம் பாலைவனத்தில் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஓவென்று அழுதது. கடல் பிளந்து வழிவிட்டதை மறந்துவிட்டார்கள், பூண்டை மறக்கவில்லை. வானத்திலிருந்து தினமும் மன்னா இறங்கியது. "தினமும் இதுதானா?" என்றார்கள். நாற்பது வருடம் இந்தப் புலம்பலைக் கேட்ட கைடுக்குக் கடைசியில் கிடைத்தது என்ன? நெபோ மலை உச்சியிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், உள்ளே போக அனுமதி இல்லை. அன்று தொடங்கியதுதான், குழுவை நடத்திப் போகிறவருக்கு இன்றுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

முறையான புனிதப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு பாட்டி. பெயர் ஹெலெனா. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் தாயார். சத்திரத்தில் வேலை பார்த்த பெண் என்று ஆயர் அம்புரோசியாரே எழுதிவைத்திருக்கிறார். புருஷன் பதவி உயர்வு வந்ததும் அரச குலத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இவரைக் கழற்றிவிட்டான். மகன் தலையெடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. அந்த மகனும் லேசுப்பட்டவன் இல்லை. 326இல் பெற்ற பிள்ளையையும் கட்டிய மனைவியையும் அடுத்தடுத்துக் கொன்றான். வீட்டில் இத்தனை நடந்தால் எந்தப் பாட்டியும் கோயில் குளம் என்று கிளம்பத்தான் செய்வார். ஏறக்குறைய எண்பது வயதில், அரசாங்கச் செலவில் ஹெலெனா கிளம்பினார்.

போன இடத்தில் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. பெத்லகேமில் ஒரு கோயில், ஒலிவ மலையில் ஒரு கோயில். யெருசலேமில் தோண்டச் சொல்லி மூன்று சிலுவைகளை எடுத்தார் என்கிறது பாரம்பரியக் கதை. மூன்றில் எது ஆண்டவருடையது? நோயாளிப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தார்களாம். மூன்றாவதில் எழுந்து உட்கார்ந்தாளாம். முதல் இரண்டு சிலுவைகளைத் தொட்டபோது அந்தப் பெண்ணின் மனநிலை என்ன என்பதைக் கதை சொன்னவர்கள் பொருட்படுத்தவில்லை.

பாட்டி போட்ட பாதையில் கூட்டம் நடக்க ஆரம்பித்தது. 333இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து போன ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. எந்த ஊரில் குதிரை மாற்றினார், அடுத்த ஊர் எத்தனை மைல், அதற்கடுத்த ஊர் எத்தனை மைல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அத்தனை தூரம் போன மனுஷன் தன் பெயரை எழுத மறந்துவிட்டார்.

அடுத்து வந்த எகேரியா அம்மாள் நேர் எதிர். 381 முதல் 384 வரை அந்தப் பகுதியையே காலால் அளந்தவர். எங்கே போனாலும் ஆயரைப் பிடித்துக்கொண்டு "இது எங்கே, அது எங்கே" என்று கேட்டே தீருவார். லோத்துவின் மனைவி உப்புத்தூணாகிப்போன இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். தூணைக் காணோம். "அது கொஞ்ச வருஷமாவே தெரியறதில்லைம்மா" என்று அந்த ஊர் ஆயர் சமாளித்தார். எகேரியா ஊரில் இருந்த சகோதரிகளுக்கு, இடத்தைப் பார்த்தேன், தூணைப் பார்க்கவில்லை, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் என்கிற பொருளில் எழுதிவிட்டார். உலகத்துப் பயணக் கட்டுரையாளர்களில் இப்படி எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அவர் எழுதிய இன்னொரு சங்கதி இதைவிடப் பிரமாதம். பெரிய வெள்ளியன்று யெருசலேமில் திருச்சிலுவை மரத்தை மேசையில் வைத்து மக்களை முத்தமிட விடுவார்கள். ஆயர் இரண்டு முனையையும் கையால் அழுத்திப் பிடித்திருப்பார். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நிற்பார்கள். ஏன் இத்தனை கெடுபிடி? முன்பு ஒரு பக்தர் முத்தமிடக் குனிந்தவர், ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! பக்தி கண்ணில் நீராக வரும், நாவில் செபமாக வரும். இவருக்குப் பல்லில் வந்திருக்கிறது.

பயணக் குழு என்றால் அதில் கட்டாயம் ஒருவர் இருப்பார்: மற்ற எல்லாரும் ஒதுக்கிவைத்த ஆள். 1413இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய மார்ஜரி கெம்ப் அந்த வகை. பதினான்கு பிள்ளைகள் பெற்றவர். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் இறைச்சியைக் கடிக்கும்போது ஆண்டவரின் பாடுகளைச் சொல்லித் தேம்பி அழுவார். தினமும். கூட வந்தவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு அவருடைய அங்கியை முழங்காலுக்குக் கீழே கத்தரித்து, பைத்தியம் போலத் தெரியும்படி வெள்ளைக் கித்தானை மாட்டிவிட்டு, பந்தியின் கடைசியில் உட்காரவைத்தார்கள். படுக்கைத் துணியையும் பறித்துக்கொண்டார்கள். புனித யாத்திரை போகிற புண்ணியவான்கள் செய்த வேலை இது. கழுதை மேல் ஏறி யெருசலேமைப் பார்த்ததும் மார்ஜரி ஆனந்தத்தில் கீழே விழப்போக, ஜெர்மானியர் இருவர்தான் தாங்கிப் பிடித்தார்கள். கல்வாரியில் கையை விரித்து அவர் போட்ட அலறல் ஊர் திரும்பியும் பல வருடம் நிற்கவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்தார். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று அந்தப் புத்தகத்தைச் சொல்கிறார்கள். குழுவில் யாரை ஓரங்கட்டுகிறீர்களோ அவர்தான் புத்தகம் எழுதப்போகிறார் என்பது புனிதப் பயணிகளுக்கான பொது விதி.

டிராவல்ஸ்காரர்கள் எப்போது வந்தார்கள்? 1483இல் ஃபெலிக்ஸ் ஃபாப்ரி என்கிற ஜெர்மானியச் சாமியார் வெனிஸ் நகரில் இறங்கியபோதே ரெடியாக நின்றார்கள். மாற்கு தேவாலயச் சதுக்கத்தில் இரண்டு கப்பல்காரர்களின் கொடிகள். கொடிக்குக் கீழே ஆட்கள். ஒரு காலத்தில் கோயம்பேட்டில் ஆம்னி பஸ் புரோக்கர்கள் பையைப் பிடித்து இழுத்ததுபோல, "எங்க கப்பல் புதுசு", "அவன் கப்பல் ஓட்டை" என்று பக்தர்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இரண்டு வேளைச் சாப்பாடு, ஒயின் சகிதம் ஒப்பந்தம் எழுதினார்கள். புனித பூமியில் பிரான்சிஸ்கன் சாமியார்கள் விதிமுறைகளை வாசித்துக் காட்டினார்கள்: கல்லறையிலிருந்து கல்லைப் பெயர்க்காதே, சுவரில் குலச்சின்னம் வரையாதே, தெருவில் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நடக்காதே. ஒரு விதி இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் ஒருத்தன் அதைச் செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

சிலுவைப்பாதையின் கதை இன்னும் விசேஷம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பங்குக் கோயிலில் பதினான்கு ஸ்தலங்களுக்கும் முழங்காலிட்டு எழுகிற நம் ஊர் அம்மா, யெருசலேமில் அசல் பாதையைப் பார்க்கப்போகிறோம் என்று சிலிர்த்துப் போவார். விஷயம் தலைகீழ். அந்தக் காலத்தில் யெருசலேமில் இத்தனைதான் ஸ்தலங்கள் என்ற கணக்கு நிலையாக இல்லை. ஐரோப்பாவில்தான் ஊருக்கு ஊர் சிலுவைப்பாதை அமைத்தார்கள். 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் பதினான்கு என்று முடிவு கட்டினார். அங்கிருந்து வந்த யாத்ரீகர்கள் "எங்க ஊர்ல இருக்கே, இங்க எங்கே?" என்று கேட்கக் கேட்க, யெருசலேம் மெல்ல மெல்லத் தன்னை அவர்களுக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. கிளம்பும்போதே எல்லாரும் மனசுக்குள் ஒரு யெருசலேமை மூட்டை கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். போன இடத்தில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பாவம், யெருசலேமும் முடிந்தவரை ஒத்துழைக்கிறது.

ஒத்துழைக்காதவர்கள் உள்ளே இருக்கும் சாமியார்கள். திருக்கல்லறைப் பேராலயத்தில் ஆறு திருச்சபைகளுக்குப் பாத்தியதை. ஆறு பேரும் ஒருவரையொருவர் நம்பாததால் வாசல் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். நூற்றாண்டுகளாக இதுதான் ஏற்பாடு. வாசலுக்கு மேலே ஜன்னலோரம் ஒரு மர ஏணி சாய்ந்திருக்கிறது. 1728இல் வரைந்த படத்திலேயே இருக்கிறது. நகர்த்த யாருக்கு உரிமை என்று தீரவில்லை, அதனால் ஏணி அங்கேயே. 2002 ஜூலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த எகிப்து நாட்டுக் காப்டிக் சாமியார் ஒருவர், வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியச் சாமியார்களுக்கு அது எல்லை மீறல். பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரப்பு ஓரத்தில் அரை அடிக்கு வெட்டுக்குத்து வரை போகிற நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் சொந்த மண்ணை மிதித்த நிம்மதி அடைவார்கள்.

1867இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஒரு சபையார் சேர்ந்து புனித பூமிக்குக் கப்பல் விட்டார்கள். தலைக்கு 1,250 டாலர். பிரபல போதகர் ஹென்றி வார்டு பீச்சர் கூடவே வருகிறார் என்று விளம்பரம். கப்பல் கிளம்பியது, போதகர் வரவில்லை. அவருக்குப் பதில் வந்து சேர்ந்தது வம்பு: மார்க் ட்வைன். கலிலேயக் கடல் கரையில் இந்தப் பக்தர்கள் நடத்திய கூத்தை அவர் எழுதிவைத்துவிட்டார். ஆண்டவர் பயணம் செய்த கடலில் படகில் போகவேண்டும் என்பது அவர்களுடைய வாழ்நாள் கனவு. படகுக்காரர் எட்டு டாலர் கேட்டார். பாதிக்குக் கேட்டார்கள். படகுக்காரர் பதிலே சொல்லாமல் பாயை விரித்துக்கொண்டு போய்விட்டார். "சரி, எட்டே தர்றோம், வாப்பா!" என்று கரையில் ஓடிக் கத்தினார்கள். படகு திரும்பவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1869இல், தாமஸ் குக் கம்பெனி யெருசலேமுக்குப் பேக்கேஜ் டூர் ஆரம்பித்தது.

தமிழ்நாட்டில் கான்ஸ்டன்டைன் வேலையை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் கிறிஸ்தவர்களின் யெருசலேம் பயணத்துக்கு ரூ.20,000 மானியம் அறிவிக்கப்பட்டது, பிறகு ரூ.37,000 ஆனது. கன்னியாஸ்திரிகளுக்கு ரூ.60,000. பெத்லகேம், நாசரேத், யோர்தான், கலிலேயா எல்லாம் பட்டியலில் உண்டு. ஊறுகாய், பருப்புப்பொடி, வறுத்த முந்திரி ஆகியவை அவரவர் பொறுப்பு.

போனவர்கள் என்ன பார்க்கிறார்கள்? கலிலேயக் கடலின் நீளம் சுமார் 21 கிலோமீட்டர், தண்ணீர் நல்ல தண்ணீர். வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்கள், "இது ஏரிதானே சாமி?" என்று சன்னமாகக் கேட்பார்கள். கரையோர ஓட்டலில் 'இராயப்பர் மீன்' என்று தட்டில் வைப்பார்கள். திருப்பிப் பார்த்தால் நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டையின் பங்காளி. ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற இடத்தில் யோர்தான் சில மீட்டரே அகலம், பழுப்புத் தண்ணீர், எதிர்க்கரையில் வேறு நாடு. கொள்ளிடத்தின் அகலம் தெரிந்தவர்களுக்கு அது பாசன வாய்க்கால். ஆனால் முழங்காலிடும்போது யாரும் அகலத்தைப் பார்ப்பதில்லை.

இந்த அகலப் பிரச்சினைக்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே தீர்வு கண்டவர் இதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்தார். வீரமாமுனிவர். இத்தாலிக்காரர். லிஸ்பனில் கப்பலேறிக் கோவாவில் இறங்கியவர். அவர் 3,615 பாடல்களில் சூசையப்பரின் கதையைத் தேம்பாவணியாகப் பாடினார். அதில் யூதேயா நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு நுரைத்து ஓடுகிறது, நெல் விளைகிறது, தாமரை பூக்கிறது. பாலைவனத்தைக் காவிரிப் பாசனத்துக்குள் கொண்டுவந்த ஒரே பொறியாளர் அவர்தான். வரதராஜன்பேட்டைக்காரர் மனசுக்குள் மூட்டை கட்டி எடுத்துப்போகிற யெருசலேமின் அளவு அவர் தைத்தது.

அதே மனுஷன்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கடந்ததும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறைகிறது, எல்லாரும் கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையெண்ணுகிற குழுத் தலைவர்கள் வாசிக்கவேண்டிய முதல் பாடநூல் இதுதான்.

கடைசிக் காட்சி விமான நிலையம். எல்லார் பையிலும் யோர்தான் தண்ணீர் பாட்டில். ஊரில் கேட்டுவைத்தவர்கள் ஏராளம். இந்த வழக்கத்திலும் நம் மாவட்டம்தான் முன்னோடி. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு கங்கை வரை படையனுப்பி, தோற்ற அரசர்கள் தலையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றி, கங்கைகொண்ட சோழபுரத்து ஏரியில் ஊற்றவைத்த ராஜேந்திர சோழன் ஒரு ஊருக்கே தீர்த்தம் கொண்டுவந்தான். இன்றைக்கு அவன் விமானத்தில் வந்திருந்தால், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் அனுமதி இல்லை என்று சொல்லி, கங்கையை அங்கேயே குப்பைத்தொட்டியில் ஊற்றிவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள்.