ஆல்பர்ட்ஸும் ஐந்து மதிப்பெண்ணும்

செல் பயாலஜி நடத்துகிறவன் என்ற ஒரே பாவத்துக்காக, அட்மிஷன் முடிந்ததும் என்னைத் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு: "சார், எந்த புக் வாங்கறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். விலையைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "இதுலேருந்துதான் கொஸ்டின் எடுப்பாங்களா?"

பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே கிடையாது. வர்மா - அகர்வால் இருக்கிறது. அதுவும் தடியாகத் தெரிந்தால் சீனியரின் ஜெராக்ஸ் நோட்ஸ். எந்தக் காலத்திலோ யாரோ அவசரத்தில் விட்ட ரைபோசோமை, அடுத்தடுத்து நகலெடுத்த ஒருவரும் திரும்பச் சேர்க்கவில்லை. மியூட்டேஷன் பாடத்துக்கு அந்த நோட்ஸைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

ஆனாலும் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது 'ஆல்பர்ட்ஸ்' என்று ஆரம்பிக்கும். 'மாலிக்யுலர் பயாலஜி ஆஃப் த செல்', முதல் பதிப்பு 1983. புரூஸ் ஆல்பர்ட்ஸ், ஜேம்ஸ் வாட்சன் உட்பட ஆறு பேர் சேர்ந்து எழுதியது. எங்கள் துறையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு டைம்டேபிள் போட்டதாகச் சரித்திரம் இல்லை. ஏழாவது பதிப்பு 2022இல் வந்தது. ஆறாவதே 1,400 பக்கங்களைத் தாண்டும்.

அருமையான புத்தகம். ஆபத்தும் அதுதான். 'கோல்கை உறுப்பு - சிறுகுறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருப்பார்கள். ஆல்பர்ட்ஸ் படித்த பிள்ளை, சரக்கை நுண்பைகள் அடுக்கு அடுக்காகச் சுமந்து போகின்றனவா, அடுக்குகளே முதிர்ந்து நகர்கின்றனவா என்ற வழக்கை விசாரிக்க ஆரம்பிக்கும். மூன்றாம் பக்கத்தில் மணி அடித்துவிடும். படம் போட்டு பாகம் குறித்த பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு முழு மதிப்பெண்.

காசில்லாமலும் வழி இருக்கிறது. 2002இல் வந்த நான்காம் பதிப்பை அமெரிக்காவின் என்சிபிஐ இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சொல் கொடுத்துத் தேடத்தான் முடியும், வரிசையாகப் புரட்ட முடியாது. என்ன தேட வேண்டும் என்று தெரிந்த பிள்ளை எதற்காக என் வகுப்புக்கு வருகிறது?

கடையில் புத்தகத்தை எடை பார்க்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியா பாடத்தைத் திறந்து பாருங்கள். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடினால் மூடி வைத்துவிடலாம். சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான்கள் தேங்குவதால்தான் ஏடிபி உண்டாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1974இல் ஒரு சோதனை நடந்தது. ஒளியில் புரோட்டானை இறைக்கும் பாக்டீரியாப் புரதம் ஒன்று, மாட்டு இதயத்து மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த நொதி ஒன்று. இரண்டையும் செயற்கைக் கொழுப்புப் பையின் சவ்வில் பொருத்தி வெளிச்சம் காட்டினார்கள், ஏடிபி வந்தது! 1978இல் மிட்செலுக்கு நோபல் பரிசும் வந்தது. இப்படி, தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்கிற புத்தகம்தான் வாங்கத் தகுந்தது. ஜெரால்ட் கார்ப் எழுதியதிலும், ஆல்பர்ட்ஸ் குழுவின் சின்னப் புத்தகமான 'எசென்ஷியல் செல் பயாலஜி'யிலும் இதற்கென்றே தனிப் பகுதிகள் உண்டு.

பி.எஸ்ஸி.க்கு அந்தச் சின்னது போதும். பழைய பதிப்பே வாங்குங்கள். மைட்டோகாண்ட்ரியா வீடு மாறிவிடவில்லை. பெரிய ஆல்பர்ட்ஸை நூலகத்தில் படிக்கலாம். எங்கள் நூலகத்துப் பிரதியை எடுத்துப்போன புண்ணியவான் இதைப் படிக்க நேர்ந்தால், அபராதம் கேட்க மாட்டோம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.