நகராத காருக்கு ஒரு டிரைவர்

அவர் வீட்டு ஹாலில் ஒரு கார் இருக்கிறது. அதற்குச் சக்கரம் கிடையாது, கதவு கிடையாது, எஞ்சின் கிடையாது, ஆகவே ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் கிடையாது. மாருதி 800-இன் டிரைவர் சீட்டு, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாத பெடல்கள், இண்டிகாவின் ஹேண்ட்பிரேக், இவற்றையெல்லாம் தாங்க ஒரு இரும்புச் சட்டம், எதிரே பெரிய திரை. அவர் அதைக் ‘காக்பிட்’ என்பார். அவர் மனைவி ‘அது’ என்பார். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் ஒன்றும் சொல்லாமல் பையை அதன்மேல் வைப்பார்கள்.

காக்பிட்காரர் இன்று சென்னை, கோவை, பெங்களூரு அடுக்குமாடிகளில் தாராளமாகக் கிடைக்கிறார். வயது முப்பத்தைந்துக்கு மேல். படித்தது மெக்கானிக்கல், சம்பளம் வருவது ஜாவாவில். கல்லூரிப் பட்டறையில் ஒரு காலத்தில் லேத் ஓட்டிய கை, அதன்பின் கீபோர்டைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. உள்ளே எங்கோ ஒரு ஸ்பேனர் ஆசை துருப்பிடித்துக் கிடந்தது. 2020 ஊரடங்கு அதற்கு எண்ணெய் விட்டது. நிஜப் பந்தயங்கள் எல்லாம் நின்றுபோய், ஃபார்முலா ஒன் வீரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டினார்கள். ஃபெராரியின் சார்ல் லெக்லேர் வீட்டில் உட்கார்ந்தபடி ஜெயித்ததை நம்மவர் பார்த்தார். அவரால் முடியுமென்றால் நம்மால் ஏன் முடியாது? அவரிடமும் வீடு இருக்கிறது, நம்மிடமும் வீடு இருக்கிறது.

ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். லாஜிடெக் ஸ்டியரிங் செட் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் இறுக்குவார்கள். உட்கார ஆபீஸ் நாற்காலி. முதல் வளைவு வரும். பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள். உலகத்தில் எந்தக் காரிலும் பிரேக் அடித்தால் ஆள் முன்னால் போவான். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் மட்டும் பின்னால் போவான். திரையில் கார் மணலில் இறங்கும் அதே நொடியில் டிரைவர் சமையலறை வாசலில் இருப்பார். சிலர் நாற்காலியை மேசைக் காலோடு கயிற்றால் கட்டிப் பார்ப்பார்கள். சிலர் நாற்காலிச் சக்கரங்களுக்குப் பழைய ஷூ மாட்டிவிடுவார்கள். இது நிஜமாகவே வேலை செய்கிற வைத்தியம். ஆனால் ஐந்து ஷூ வேண்டும், வீட்டில் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும்.

சரி, கடையில் ஒரு காக்பிட் வாங்கிவிடலாமே? விலையைப் பார்க்கிறார். சட்டம், சீட்டு, நல்ல ஸ்டியரிங் மோட்டார், பெடல் எல்லாம் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. “நாமே செஞ்சா நாலில் ஒரு பங்குல முடிச்சிடலாம்” என்கிறார். இந்த வாக்கியத்தை அவர் சொன்ன நாளிலிருந்து குடும்பத்தின் பொருளாதாரம் வேறு திசையில் ஓடத் தொடங்குகிறது.

அடுத்த சனிக்கிழமை அவரைப் புதுப்பேட்டையில் பார்க்கலாம். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி, ஆயுள் முடிந்த வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் தெருக்கள் அவை. பம்பர் ஒரு கடை, கதவு ஒரு கடை, விளக்கு ஒரு கடை. மாருதி 800 சீட்டுக்கு அங்கே பஞ்சமே இல்லை. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இந்தியாவில் 25 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. அத்தனை வண்டியும் ஒருநாள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்?

“பாய், 800 சீட்டு ஒண்ணு வேணும்.”

“டிரைவர் சைடா, கிளீனர் சைடா?”

“டிரைவர் சைடு.”

“வண்டி என்ன வருஷம் சார்?”

“வண்டி இல்ல பாய். வீட்ல ஹால்ல வைக்க.”

பாய் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார். “ஹால்ல வைக்கன்னா ஆம்னி நடு சீட்டு எடுத்துக்குங்க சார். மூணு பேர் உக்காரலாம்.”

அந்தத் தெருவில் அவர் அடக்கி வாசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்டியரிங் வாங்கும்போது நடுவில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் அது காற்றுப் பை மட்டும் அல்ல, வெடிமருந்துப் பொட்டலம். கண் இமைப்பதற்குள், நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், முகத்தை நோக்கி விரியும்படி செய்யப்பட்டது. பேட்டரி இல்லை என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் கம்பியில் மல்டிமீட்டர் வைத்து ‘வேலை செய்யுதா’ என்று பார்ப்பது கிணற்றை எட்டிப் பார்க்கிற ஆர்வம் அல்ல, குதிக்கிற ஆர்வம். நல்ல காக்பிட்காரர் ஏர்பேக் இல்லாத பழைய ஸ்டியரிங்கையே தேடுவார், அல்லது கடைக்காரரையே அதைப் பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

சீட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வருகிறது. அதில் முப்பது வருட வெயில், சாம்பிராணி, யாரோ ஒரு குழந்தை சிந்திய மாம்பழ ஜூஸ் எல்லாம் கலந்த ஒரு வாசனை. “இது நம்ம வீட்டுக்குள்ள வராது” என்று மனைவி சொல்கிறார். இரண்டு நாள் மொட்டை மாடியில் ஷாம்பு குளியலுக்குப் பிறகு வருகிறது.

அடுத்தது வெல்டிங் பட்டறை. நம்மவர் கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம் போட்டு, பிரிண்ட் எடுத்து, மில்லிமீட்டர் கணக்கோடு போய் நிற்கிறார். பட்டறைக்காரர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கேட்டா, கிரில்லா?” என்கிறார். கட்டிலும் இல்லை, ஊஞ்சலும் இல்லை என்று தெரிந்தபின் சட்டம் இரண்டங்குலச் சதுரப் பைப்பில், ரெட் ஆக்சைடு அடித்து, எந்த லாரியையும் தாங்கும் கனத்தில் தயாராகிறது. அது வாசல் கதவுக்குள் நுழையாது என்பது மூன்றாவது மாடி ஏறிய பிறகு தெரிகிறது. நடுவில் அறுத்து, உள்ளே கொண்டுபோய், போல்ட் போட்டு இணைக்கிறார்கள். “முதல்லயே அப்படித்தான் டிசைன் பண்ணியிருந்தேன்” என்கிறார் நம்மவர்.

இதுவரை நடந்தது கொல்லர் வேலை. அவருக்கு உயிர் இருப்பது பிரேக்கில். நிஜக் காரில் பிரேக் பெடல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அதன்பிறகு மிதிக்கிற அழுத்தம்தான் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. காலின் தசை தூரத்தை மறந்துவிடும், அழுத்தத்தை மறக்காது. ஃபார்முலா ஒன் வீரர் ஓங்கி மிதிப்பது நூறு கிலோ எடைக்கும் மேல். மலிவு விலைப் பெடல்களோ எவ்வளவு தூரம் போனது என்பதை மட்டும் அளக்கின்றன. இதைச் சரிசெய்ய, எடையை அளக்கும் லோடு செல் வேண்டும். தராசுக்குள் இருக்கிறதே, அதே சாதனம். ஒருநாள் காலையில் மனைவி எடை பார்க்கும் மெஷினைத் தேடுகிறார். அது பெடலுக்குள் இருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கிடைக்கும் ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ மின்னணுப் பலகை ஒன்று. கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்றே நம்பிவிடும். லோடு செல்லின் மெல்லிய மின்குறியைப் பெரிதாக்க எச்எக்ஸ்711 என்ற சில்லு ஒன்று. இவ்வளவும் சேர்த்து ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவில் அடங்கிவிடும். ஆனால் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. ஏன்? அந்தச் சில்லு வழக்கமாக நொடிக்குப் பத்து முறைதான் எடை பார்க்கும். காய்கறிக் கடைக்கு அது போதும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு எடைக்கும் அடுத்த எடைக்கும் நடுவில் ஐந்தரை மீட்டர் போய்விடும். சில்லின் ஒரே ஒரு காலை வேறு இடத்தில் பற்றவைத்தால் நொடிக்கு எண்பது முறை ஆகிவிடும் என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடித்து, தூங்குகிற வீட்டில் தனியாகக் கை தட்டுவார். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இத்தனையும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நிஜக் காரைப் போல ஸ்டியரிங் கையைத் திருப்பி இழுக்க வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும். வைப்பர் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒரே நாளில் பாடம் கற்கிறார்கள்: அதற்குள் இருக்கும் பல் அமைப்பில் மோட்டார் கம்பைத் திருப்பும், கம்பு மோட்டாரைத் திருப்பாது, ஸ்டியரிங் பாறையாக நின்றுவிடும். பிள்ளைகள் ஏறி நின்று ஓட்டும் ஹோவர்போர்டின் சக்கர மோட்டார்தான் இதற்குத் தோதானது. அக்கம்பக்கத்தில் எந்தக் குழந்தையின் ஹோவர்போர்டு பழுதானாலும் முதலில் துக்கம் விசாரிக்க வருபவர் இவர்தான்.

டாஷ்போர்டுக் கதை இன்னும் பரிதாபம். மாருதி 800-இன் ஸ்பீடோமீட்டரை வாங்கி வந்தார். அது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுற்றினால்தான் முள் ஏறும். இங்கே கியர்பாக்ஸ் இல்லை. விட்டுவிட்டு, புது மாடல் கார் ஒன்றின் மீட்டரை வாங்கினார். கம்ப்யூட்டரிலிருந்து போலித் தகவல் அனுப்பி அதை நம்பவைத்துவிட்டார். முள் ஏறுகிறது, இறங்குகிறது, அபாரம். ஆனால் மிச்சக் கார் எங்கே என்று தெரியாத மீட்டர், ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, எஞ்சின் விளக்கு, சீட் பெல்ட் விளக்கு என்று இருக்கிற எல்லாவற்றையும் எரியவிட்டுக் கதறுகிறது. ஒவ்வொரு விளக்கையும் அணைக்க ஒவ்வொரு பொய் சொல்ல வேண்டும். தற்போது அதில்தான் இருக்கிறார்.

திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்கும் திரைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, பார்வைக் கோணத்தை வகுப்பார். 27 அங்குலத் திரை 70 செ.மீ. தூரத்தில் இருந்தால், சரியான அளவில் கண்ணுக்குக் கிடைப்பது சுமார் 46 பாகை மட்டும். பக்கத்தில் வரும் கார் தெரியாது, கண்ணாடி தெரியாது. ஆகவே இன்னும் இரண்டு திரை வாங்க வேண்டும். இந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டாலும் விடை இரண்டு திரைதான்.

வீட்டில் வாதம் வரும்போது அவர் கைவசம் முன்னுதாரணங்கள் தயார். “யான் மார்டன்பரோ தெரியுமா? வீட்ல கேம் ஆடிக்கிட்டிருந்த பையன். 2011-ல ஜிடி அகாடமிங்கிற கேம் போட்டியை ஜெயிச்சான், ரெண்டே வருஷத்துல லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல ஓட்டினான். படமே எடுத்திருக்காங்க.”

“அவனுக்கு அப்ப என்ன வயசுங்க?”

“பத்தொன்பது.”

மனைவி மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. அதைவிட வலுவான அஸ்திரம் ஃபார்முலா ஒன் வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். 2024 மே மாதம் இமோலாவில் நிஜப் பந்தயம் நடந்த அதே வார இறுதியில், அவர் கம்ப்யூட்டரில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்திலும் தன் அணியோடு ஓட்டினார், இரண்டையும் ஜெயித்தார். “பாத்தியா, ராத்திரி சிமுலேட்டர் ஓட்டினா மறுநாள் வேலை கெடும்ன்னு எவன் சொன்னது?” இதற்கும் பதில் இருக்கிறது, அதை அவர் மனைவி எப்படியோ தேடிப் படித்துவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஹங்கேரி பந்தயத்துக்கு முன்தின இரவு வெர்ஸ்டாப்பன் விடியற்காலை வரை சிமுலேட்டர் ஓட்டினார். மறுநாள் நிஜப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். இப்போதெல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல் ஹாலில் வெளிச்சம் தெரிந்தால், உள்ளறையிலிருந்து “ஹங்கேரி!” என்று ஒரு குரல் மட்டும் வரும்.

கீழ்வீட்டுக்காரருக்கு வெர்ஸ்டாப்பனைத் தெரியாது. சீட்டுக்கு அடியில் எஞ்சின் அதிர்வுக்காகப் பொருத்திய ஸ்பீக்கர் கருவிதான் தெரியும், அதுவும் தம் வீட்டு மின்விசிறி வழியாக. “சார், மேல மாவு மில்லு எதாவது போட்டிருக்கீங்களா?” என்று நாகரிகமாகத்தான் கேட்டார்.

ஆயுத பூஜையன்று காக்பிட்டுக்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் சக்கரம் இல்லை.

செலவுக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார், எக்செலில். அதன்படி மிச்சம்தான். ட்ரில்லிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், சால்டரிங் அயன், தவறாக வாங்கிய மூன்று ஸ்டியரிங் ஆகியவை அந்தக் கணக்கில் வராது. அவை ‘வீட்டு உபயோகப் பொருட்கள்’. ஓட்டுகிற நேரக் கணக்கு எங்கும் இல்லை. இருந்தால் அம்பலமாகிவிடும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய பாதை ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். அவர் அதில் பாதி வரை போவார். சீட்டில் ஏதோ கிறீச் என்று கேட்கும். அப்படியே நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுப்பார். ஓட்டுவதற்காகக் கட்டுகிறோம் என்று அவர் நம்புகிறார். அடுத்து எதைக் கழற்றலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஓட்டுகிறார் என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் அவர் வீட்டுக்குப் போனால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார். மறுக்காதீர்கள், மனசு கஷ்டப்படும். முதல் வளைவிலேயே சுவரில் போய் முட்டுவீர்கள். அதுவும் பரவாயில்லை, எல்லோரும் முட்டுவதுதான். ஆனால் தப்பித்தவறிக்கூட “பிரேக் கொஞ்சம் லூஸா இருக்கோ?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த நிமிடமே போல்ட்டைக் கழற்ற ஆரம்பிப்பார், டார்ச் உங்கள் கையில் இருக்கும், இரவுச் சாப்பாடும் அங்கேதான்.