21 டிகிரிக்கு ஒரு யாகம்

மாப்ளைங்களே, ஸ்டுட்கார்ட்டு வீட்டுல தரைக்கடியில ஓடற வெந்நீர்க் குழாய்க்கு நீங்களே பி.ஐ.டி. கன்ட்ரோலர் எழுதி மாட்டிட்டீங்களாம். ரொம்பப் பெருமைங்க. நீங்க கேட்டது 21 டிகிரி. என்ற பொண்ணுதான் ராத்திரி 18 டிகிரியில கம்பளியைப் போத்தி, விடியறப்ப 25 டிகிரியில உதறிப்போட்டு எந்திரிக்கறாளாம். கண்ணாலம் பண்ணிக் குடுக்கறப்ப இதையெல்லாம் விசாரிக்காம விட்டுப்போட்டனுங்க.

சர்க்கரை ஆலையில பாய்லர் மீட்டரு பாத்துத் தேஞ்ச கண்ணு இது. நீங்க அனுப்புன கிராப்பைப் பாத்தேன். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பி-யை, அதாவது இப்ப இருக்கற வித்தியாசத்துக்குத் தக்கன தள்ளற பங்கை, ஏத்தியிருக்கறீங்க. அது காங்கிரீட் தரைங்க. சூடேற மணிக்கணக்காகும், ஆற அதுக்கு மேல ஆகும். பி-யை ரெண்டு மடங்காக்குனா உங்களுக்குப் பயந்துக்கிட்டு ஓடி வருமாக்கும்?

ஒரு நாளைக்குக் கையைக் கட்டிட்டு உக்காருங்க. வால்வைப் பாதி திறந்து விட்டுட்டு, அறை எத்தனை நேரங்கழிச்சு அசையுது, அசைஞ்ச பொறகு மணிக்கு எவ்வளவு ஏறுதுன்னு தாள்ல குறிங்க. ஜிக்லர், நிக்கல்ஸ்னு ரெண்டு பேரு 1942-லயே இதுக்குக் கணக்குப் போட்டு வெச்சுட்டாங்க. அவங்களே இன்னொரு வழியுஞ் சொன்னாங்க: ஐ, டி ரெண்டையும் அமத்திப்போட்டு, சூடு நிக்காம ஊசலாடற வரைக்கும் பி-யை ஏத்தி, அதுல 0.6 பங்கை வெச்சுக்கறது. அது ஆலைக்குச் சரி. வீட்டுல பண்ணுனீங்கன்னா, ஊசல் ஒரு சுத்து வர்றதுக்குள்ள என்ற பொண்ணு கோயமுத்தூருக்கு டிக்கெட் போட்டுருவா.

அப்பறம் உங்க ஐ இருக்குதே, அது பாகப்பிரிவினை முடிஞ்சும் பழைய பாக்கியைக் கூட்டி வெச்சுக்கற பங்காளிங்க. ஜெர்மனிக்காரங்க பனியிலயும் காலையில சன்னலை அகலத் திறந்து காத்து மாத்துவாங்கல்ல? அந்த நேரத்துக் குளுரையெல்லாம் ஐ கணக்குல ஏத்திக்கும். சன்னலைச் சாத்துன பொறகு வட்டியும் முதலுமா உங்க தலையில கொட்டும். வால்வு முழுசாத் திறந்துட்டா ஐ கூட்டறதை நிறுத்தற மாதிரி எழுதுங்க.

டி எதுக்குங்க உங்களுக்கு? மினோர்ஸ்கின்னு ஒருத்தரு 1922-ல அமெரிக்கப் போர்க்கப்பலுக்குச் சுக்கான் கணக்கு எழுதுனாரு. சுக்கான் பிடிக்கறவன் கப்பல் எவ்வளவு விலகுச்சுன்னு மட்டும் பாக்கறதில்லை, எத்தனை வேகமாத் திரும்புதுன்னும் பாக்கறான்னு கண்டுக்கிட்டாரு. அந்த வேகத்தைப் பாக்கறதுதான் டி. நாயமான சமாச்சாரம். உங்க கூடமென்ன அட்லாண்டிக்குலயா மிதக்குது? போதாக்குறைக்கு நீங்க மாட்டியிருக்கற டி.எஸ்.18பி20 சூட்டுச் சென்சாரு கரண்டு வந்ததும் மொத வார்த்தையா 85 டிகிரின்னு ஒரு பொய்யைச் சொல்லும். அதை டி கேட்டுதுன்னா ஒரு துள்ளு துள்ளி, ரிலேயை டக்குன்னு அடிக்க வெச்சுரும். டி-யைச் சைபர்ல போடுங்க.

பி-யைக் கொறைச்சு, ஐ-யைக் கொஞ்சூண்டு விட்டு, ஒண்ணைத் திருப்புனா மறுநா வரைக்கும் இன்னொண்ணைத் தொடாதீங்க. வடக்குச் செவுத்துல வெளிய ஒரு சென்சாரு வெச்சு, குளுரு கூடக்கூடக் குழாய்த் தண்ணிச் சூட்டை ஏத்தற மாதிரி ஒரு வளைவும் போட்டுக்குங்க. அறை குளுந்த பொறகு முழிக்காம, அதுக்கு முன்னாலயே முழிச்சுக்கலாமுங்க. அந்த ஊரு பாய்லர்கள்ல அது கம்பெனிக்காரனே வெச்சுக் குடுக்கறதுதான்.

ஆமா, நீங்க கழட்டிப் போட்டீங்களே ஒரு பழைய கன்ட்ரோல் பொட்டி, அது இன்னும் வீட்டுலதான் இருக்குதுங்களா, வித்துப்போட்டீங்களா?