கிரேயானிலிருந்து காதர்பேட்டை வரை

சொந்தமாக ஒரு டி-ஷர்ட் பிராண்ட் தொடங்க, சின்ன வயதில் உங்களுக்குப் படம் வரையப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் பிடித்ததாக இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டில் தொங்கவிடும் அட்டையில் 'எங்கள் கதை' என்று நாலு வரி போட்டாக வேண்டும்.

அந்தக் கதையில் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓரத்தில் தென்னைமரம் எல்லாம் வரக் கூடாது. அது ஊரே வரைந்த படம். கல்கி பத்திரிகையில் ஓவியர் மணியம் போட்ட வந்தியத்தேவனைப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தீர்கள் என்று எழுதுங்கள். ஓவியத்தில் லோயர், ஹையர் பாஸ் செய்திருந்தால் அதையும் சேர்க்கலாம். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டே இருந்ததுதான் உங்கள் கலையை முடக்கியது என்று ஒரு வரி வையுங்கள். படிக்கிறவர்களுக்கும் அதே வாத்தியார் இருந்திருப்பார், மனசு இளகும்.

அடுத்து வேலையை விட வேண்டும். இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "அப்பாகிட்ட நீயே சொல்லிக்க" என்பார். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்கள் ஐபேடைத் திறந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த அந்தச் சூரிய அஸ்தமன மயிலை ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். அவர் மயிலைப் பார்க்க மாட்டார்.

"எத்தன கலருங் தம்பி?"

எண்ணிப் பார்த்தால் பதினாலு. தோகையில் நீலமே மூன்று வகை.

"ஒவ்வொரு கலருக்கும் தனி ஃப்ரேமுங்க. பிலிம் எடுக்கோணும், எக்ஸ்போஸ் பண்ணோணும். கறுப்புத் துணின்னா அடில வெள்ளை ஒரு கோட்டு போடோணும், அதுக்கொரு ஃப்ரேமு. பதினஞ்சாச்சுங்களா?"

விஷயம் இதுதான். மரச்சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ வலையை இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் இறுகும் மருந்தைப் பூசி, படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். பிலிமில் கறுப்பாக இருந்த இடம் மட்டும் இறுகாமல் கழுவிப் போய்விடும். அந்த வழியாகத்தான் மை துணியில் இறங்கும். ஒரு வலை, ஒரு கலர். எல்லா ஃப்ரேமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். நூலளவு நகர்ந்தால் மயிலுக்குக் கண் கழுத்தில் வந்துவிடும். ஃப்ரேம் செலவு பத்து பீஸுக்கும் அதேதான், ஆயிரம் பீஸுக்கும் அதேதான். அஸ்தமன வானத்தில் ஆரஞ்சு மெல்ல மெல்ல மஞ்சளாகிறதே, அதைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அடிக்க முடியும்.

டிடிஎஃப் என்று ஒரு குறுக்குவழி உண்டு. படத்தை ஒரு பிலிமில் பிரிண்ட் எடுத்து, பசைத்தூள் தூவி, ஹீட் பிரஸ்ஸில் துணிமேல் ஒட்டிவிடலாம். பதினாலென்ன, நாற்பது கலரும் வரும். மே மாதம் மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால், நெஞ்சில் மளிகைக் கடை கேரி பேக் ஒன்று ஒட்டியிருப்பதுபோல் இருக்கும்.

இந்த இடத்தில் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கை நினைத்துக்கொள்வது மரபு. பென்சில்வேனியாவில் அப்பாவிடம் கார்ட்டூன் போடக் கற்றுக்கொண்ட பையன். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத பலகைகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்து தள்ளினார். 1986இல் பாப் ஷாப் என்று கடை திறந்து அதே உருவங்களை டி-ஷர்ட்டில் விற்றார். கலை உலகத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் 1990இல் இறந்த பிறகும் கடை 2005 வரை நடந்தது. எல்லோரும் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சாக்பீஸ்தான் முக்கியமாகப் படுகிறது. கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு, ஒரே கலர், ஒரே ஃப்ரேம். திருப்பூர் பிரிண்டிங்காரர் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைகொடுத்திருப்பார்.

உங்கள் மயிலையும் ஒரே கலருக்குக் கொண்டுவாருங்கள். தோகை போகும். பரவாயில்லை, கழுத்து இருக்கிறது.

துணிக்கு வருவோம். '180 ஜிஎஸ்எம், பயோ வாஷ்' என்று சொல்லப் பழகுங்கள். சதுர மீட்டருக்கு 180 கிராம் என்று அர்த்தம்; சொல்லும்போது துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. மயில்கழுத்து நிறத்திலேயே துணி வேண்டுமென்றால் சாயப்பட்டறையில் கேட்கலாம். "எத்தன கிலோ?" என்பார்கள். ஒரு கிலோவில் நாலைந்து பீஸ்தான் வரும். நீங்கள் மனதில் வைத்திருப்பது இருபது பீஸ். நாலைந்து கிலோ என்று சொல்லிப் பாருங்கள், டீ சொல்வார்கள். டீயைக் குடித்துவிட்டுத் தைத்துத் தயாராக இருக்கும் கறுப்பு பிளைன் டி-ஷர்ட்டையே வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரேம் செலவு எத்தனை பீஸுக்கும் அதேதான் என்பதால், இருபதை நூறாக்கிவிடுங்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல் ஒன்றுக்கு இரண்டு, இரண்டு, ஒன்று என்ற கணக்கில் எடுப்பது வழக்கம். எந்த சைஸ் மிஞ்சும் என்பது தெய்வத்துக்குத்தான் தெரியும். மிஞ்சும் என்பது நமக்கே தெரியும்.

முதல் வாடிக்கையாளர்கள் நண்பர்கள். "மச்சி, வேற லெவல்டா" என்பார்கள். அதுவே பில் தொகை. உண்மையான சந்தை ஆய்வு பெரியப்பாவிடமிருந்து வரும்.

"நல்லாத்தான் இருக்கு. காலர் வச்சு, பாக்கெட் ஒண்ணு வச்சு இருந்தாக் குடு. படம்லாம் வேண்டாம்பா."

பாக்கெட் வைத்தால் மயில் இருக்கும் இடம் போய்விடும். அதனால் மயிலைச் சுருக்கி லோகோ ஆக்கி, மார்போரத்தில் வையுங்கள். பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1933இல் தொடங்கிய கம்பெனியின் முதலையை உலகத்துக்கே தெரியும். அதை வரைந்தவர் அவருடைய நண்பர் ராபர் ஜார்ஜ். கம்பெனியின் பெயர் லகோஸ்ட். வரைந்தவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் உற்சாகமாக இருக்கிறீர்கள், விடுங்கள்.

பெயரைக் காப்பாற்ற டிரேட்மார்க்: ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ரூ.4,500. படத்தைக் காப்பாற்றும் சட்டம் இன்னும் சுவாரசியமானது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 15ஐப் படியுங்கள். டிசைன் சட்டத்தில் பதியத்தக்க ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனில் உங்கள் பதிப்புரிமை முடிந்துபோகும். விற்காதவரைக்கும் பயமில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாமா என்றால், முடியாது. கணக்கு விற்றதற்கு அல்ல, அடித்ததற்கு. அடித்தது நூறு.

அதில் மிஞ்சிய எழுபதைக் கட்டிக்கொண்டு, மிஞ்சிய சரக்கை மொத்தமாக வாங்கும் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போங்கள். ஸ்டாக் லாட் வாங்குகிறவர் ஒன்றை உதறிப் பார்ப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார், மயிலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அவர் சொல்லும் விலை நீங்கள் பிளைன் வாங்கிய விலையைவிடக் குறைவாக இருக்கும். ஏன் என்று கேட்கலாம், தப்பில்லை. கோபமே இல்லாமல் சொல்வார்:

"இதுல படம் போட்டுட்டீங்களே தம்பி."