சேதுக்கரைப் பெஞ்சியல்: ஒரு முன்னாய்வு

சேதுச் சீமையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அறுபது தாண்டிய பிறகு ஒன்றுகூடி என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழாய்வுலகம் இதுவரை எழுப்பவில்லை. விடை எல்லோருக்கும் தெரியுமே என்று தட்டிக்கழிக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததை எவருக்கும் விளங்காதபடி எழுதித் தருவதற்குத்தானே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: கிழக்கே அரிச்சல்முனை, வடக்கே தேவிபட்டினம், தெற்கே ஏர்வாடி. மேற்கெல்லை, பயணப்படி தீரும் இடம். தகவலாளிகளின் பெயர்கள் ஆய்வறம் கருதி அ, ஆ, இ, ஈ என மறைக்கப்பட்டுள்ளன. அவர்கள் யார் யார் என்பது பாம்பன் முழுக்கத் தெரியும்.

தமிழில் எதை ஆராய்ந்தாலும், அது மிக்ஸி பழுதுபார்ப்பாகவே இருந்தாலும், சங்க இலக்கியத்தில் அதற்கு ஒரு வேரைக் காட்டியாக வேண்டும். நட்பு என்றதும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வந்து நிற்பார்கள். நேரில் பாராமலே நண்பர்களான இவ்விருவரும் ஒரே பள்ளியில் படித்ததற்குச் சான்று இல்லை. பகிர்ந்துகொண்ட பொழுதுபோக்கும் இல்லை, வடக்கிருந்து உயிர்விட்டதை அந்தக் கணக்கில் சேர்க்காதவரை. எனவே நம் ஆய்வுக்கு இவர்களால் பயனில்லை. ஆனாலும் ஒரு பத்தி தேறிவிட்டது.

அடுத்தது காலப்பகுப்பு. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களைப் பழம்பெஞ்சுக் காலத்தார் என்றும், பின்னால் பிளஸ் டூ படித்தவர்களைப் புதுப்பெஞ்சுக் காலத்தார் என்றும் பிரிக்கிறோம். முன்னவர்கள் பின்னவர்களை இன்றுவரை "சின்னப் பசங்க" என்றே குறிக்கின்றனர் (டீக்கடை, பாம்பன், வாய்மொழி). சின்னப் பசங்களில் பலர் பேரன் பேத்தி எடுத்திருப்பதை இக்காலப்பகுப்பு பொருட்படுத்தாது. மனிதருக்கு மூப்பு வருவதை எந்தக் காலப்பகுப்புதான் பொருட்படுத்தியிருக்கிறது? தனுஷ்கோடிப் பள்ளியில் படித்தவர்கள் தனி வகை: 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அவர்களுக்குத் தோழர்கள் சிலர் உண்டு, பள்ளி கிடையாது.

இத்துறையின் மூல நேர்வு ஊரறிந்தது. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் தம் இளமைத் தோழர்கள் மூவரைக் குறிப்பிடுகிறார்: இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன். சாஸ்திரி தந்தைக்குப் பின் இராமேஸ்வரம் கோயிலில் அர்ச்சகரானார். அரவிந்தன் யாத்திரிகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலுக்குப் போனார். சிவப்பிரகாசன் தெற்கு ரயில்வேயில் உணவு ஒப்பந்தக்காரர் ஆனார். ஒரு யாத்திரிகருக்கு வேண்டிய வண்டி, சாப்பாடு, சாமி தரிசனம் மூன்றும் ஒரே சிறுவர் கூட்டத்திலிருந்து கிடைத்துவிட்டன. இராமேஸ்வரத்தோடு திருப்தியடையாமல் இன்னும் மேலே போக விரும்பும் யாத்திரிகருக்காக நான்காமவர் ராக்கெட் பக்கம் போனார் என்று கொள்வதே பொருத்தம். இதை ஏற்க மறுப்பவர்கள் தங்கள் மாற்றுக் கோட்பாட்டைத் தட்டச்சில் அனுப்பவும்.

பெஞ்சியல் என்று இத்துறைக்குப் பெயர் வந்ததும் இந்நால்வரால்தான். ஐந்தாம் வகுப்பில், முன்வரிசையில் சாஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முஸ்லிம் சிறுவன் கலாமைப் புதிதாக வந்த ஆசிரியர் பின்பெஞ்சுக்கு அனுப்பினார். சாஸ்திரியின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் மனத்தில் நஞ்சைத் தூவாதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள் அல்லது ஊரைவிட்டுப் போங்கள் என்று சொன்னார். ஒரு பெஞ்சு மாற்றம் குறித்து இதைவிடச் சுருக்கமான, இதைவிடத் தெளிவான ஆய்வு முடிவை நான் படித்ததில்லை. அதைச் சொன்னவர் முனைவர் பட்டம் பெறாதது கவனத்துக்குரியது.

அறுபது தாண்டிய நம் தோழர்கள் எப்போது கூடுகிறார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுக்காரத் தோழர் கரையில் இருப்பார். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு வெளியூர்த் தோழர் வந்திறங்குவார். துபாயில் கடை வைத்திருக்கும் கீழக்கரைத் தோழரும் முடிந்தால் வருவார். மீன் பெருகுவதற்காக வகுத்த காலம் பழைய மாணவர் சந்திப்புகளையும் பெருக்குவதை மீன்வளத் துறை கவனித்ததாகத் தெரியவில்லை. மற்ற மாதங்களில் சிக்கல் உண்டு. இராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுத் தோழர் கரையில் நிற்கும் நாளில் நாட்டுப்படகுத் தோழர் கடலில் இருப்பார். எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்ட இருவரைப் பிரித்து உட்காரவைக்க அரசுக்கு இத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது.

இனிப் பொழுதுபோக்குகளின் வகை. முன்னோர் நூற்பா இல்லாத இடத்தில் நாமே யாத்துக்கொள்வது மரபு:

பாலம் பறவை மீனே பாட்டே
நடையே மருந்தே என்றிவை ஆறும்
முதுபெருந் தோழர்க் குரிய என்ப.

'என்ப' என்றால் முன்னோர் சொல்வர் என்று பொருள். முன்னோர் எவரும் சொல்லவில்லை. நூற்பாவும் உரையும் ஒரே ஆளுடையவை என்பதால் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் உரையாசிரியராக நான் நூலாசிரியரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன்: மூன்றாவதாக நிற்கும் 'மீனே' என்பதைக் கடைசியில் கிடக்கும் 'மருந்தே' என்பதோடு கொண்டுபோய்ப் பூட்டவேண்டும். இது நச்சினார்க்கினியர் காட்டிய வழி. பத்துப்பாட்டில் அவர் எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கிக்கொண்டு பல அடி தாண்டிப்போய் வேறொரு சொல்லோடு மாட்டுவார். அவருக்கு மாட்டு என்று ஓர் உத்திப் பெயர் இருந்தது. நமக்கும் இருக்கிறது. அப்படிப் பூட்டினால் மீனே மருந்தாகும். தகவலாளி இ இதை உறுதிப்படுத்தினார்: "விளமீன் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாருப்பா." டாக்டர் சொன்னது ஒரு துண்டு. இ உண்டது தட்டு (நேரில் கண்டது, தட்டின் விளிம்புவரை).

நடைப்பயிற்சி என்பது டீக்கடை வரை. மருந்து என்பது யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்ற ஒப்பீடு. பாட்டு குறித்து, தகவலாளி ஈ பாடுகிறார் என்பதற்கு மேல் சொல்ல மற்றவர்கள் விரும்பவில்லை.

பறவை கொஞ்சம் விரிவாகப் பார்க்கத் தக்கது. தனுஷ்கோடிப் பக்கத்துச் சேற்றுநீர்ப் பரப்புகளுக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 2025 ஜூன் 5 அன்று அங்கே 524.7 ஹெக்டேரில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அலகால் சலித்து உண்ணும் பறவை அது. நம் தோழர்களிடம் ஒரே ஒரு பைனாகுலர் இருக்கிறது. தகவலாளி அ-வின் மருமகன் வாங்கித் தந்தது. அது ஐந்தாமவர் கைக்கு வருவதற்குள் பறவைகள் எழும்பிவிடும். எத்தனை பறவை என்று நோட்டில் எழுதுகிறவர் அந்த ஐந்தாமவர்தான் (நோட்டு, மளிகைக் கணக்குக்குப் பின்பக்கம், எண்ணெய் பட்ட இடத்துக்குச் சற்று மேலே). இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பூநாரைகள் திரளும் மாதங்களில் தோழர்கள் ஆளுக்கொரு திசை. மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கூடுகையில் பெரும்பாலான பூநாரைகள் போயிருக்கும். ஆக இக்குழுவின் பறவை நோக்கல் முழுவதும், சென்ற குளிர்காலத்தில் எவர் எதைப் பார்த்தார் என்ற விசாரணையாகவே நடக்கிறது. நம் வரலாற்றாய்வு பலவும் இம்முறையில்தான் நடக்கிறது என்பதால் குறை சொல்லமாட்டேன்.

இனி பாலம்.

இப்பகுதியின் தலையாய பொழுதுபோக்கு பாம்பன் பாலம் பார்த்தலே. இதே கடலில் வேறொரு பாலம் கட்டப்பட்டதா தானாக அமைந்ததா என்று அறிஞர்கள் வழக்காடுவது தெரிந்ததே. நம்மவர்கள் பார்ப்பதில் அந்த ஐயமில்லை. கட்டியதுதான், 550 கோடி ரூபாய்க்குமேல் கணக்கு இருக்கிறது. 2.08 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கப்பல் வரும்போது 17 மீட்டர் உயரம் அப்படியே நேராக மேலே எழும். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலமோ நடுவில் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் கை தூக்கியது. ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்தார்கள். ரயில் பாலத்தைப் பார்க்கச் சாலைப் பாலமே வசதி. தோழர்கள் அங்கே போய்க் கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள், போலீஸ்காரர் வந்து நகரச் சொல்லும்வரை.

பாலம் பார்த்தல் என்றால் பாலம் தூக்குவதைப் பார்ப்பது என்பது பாமரர் கருத்து. கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள். கப்பல் தினமும் வராது. இன்று வரும் என்று ஆ சொல்வார், துறைமுக அலுவலகத்தில் யாரோ தெரிந்தவராம் (தொலைபேசி வழி, இரைச்சல் மிகுதி, 'இன்று' என்பதற்கு 'என்று' எனவும் பாடம்). வராது. வராத கப்பலுக்காக நிற்கும் நேரத்தில்தான் இத்துறையின் மாபெரும் விவாதம் நடைபெறும்.

விவாதம் இதுதான். 1988-இல் சாலைப் பாலம் வரும்வரை தீவிலிருந்து இராமநாதபுரம் போக ரயிலை விட்டால் படகுதான். மேற்படிப்புக்குப் போன பையன்கள் எல்லோரும் அந்த மீட்டர் கேஜ் ரயிலில் கடல்மேல் ஊர்ந்து போனவர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த அ-வும் ஆ-வும் அப்போது பார்த்தது எந்தக் கடல்? அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை இங்கே ஆண்கடல் என்பார்கள், அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். "எப்பவும் இடப்பக்க சீட்டுதான் மாப்ள, அங்குட்டு ஆண்கடல்தான்" என்பது அ-வின் கட்சி. "இடப்பக்கம் சரி. ஆனா பாத்தது பெண்கடல். மண்டைக்குள்ள என்னடா வச்சிருக்க?" என்பது ஆ-வின் கட்சி. இ முதலில் ஆண்கடல் கட்சியில் இருந்து, ஒரு கடன் விவகாரத்துக்குப் பின் பெண்கடலுக்கு மாறினார். ஈ நடுநிலை, அவருக்குக் கதவோரம்.

இரு கட்சிக்கும் சான்றுகள் குவிந்துள்ளன. ஆண்கடலாருக்கு: மறைந்த கணக்கு வாத்தியார் ஒருவர் சொன்னதாக அ-வின் அண்ணன் சொன்னது. பெண்கடலாருக்கு: ஆ-வின் மைத்துனர், தங்கச்சிமடம் கல்யாண வீட்டில், மூன்றாம் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் இடையே கூறியது, பதிவுசெய்தவர் அப்பளம் கடித்ததால் ஒரு சொல் சிதைந்துள்ளது, அச்சொல் 'கடல்' எனவும் 'கடன்' எனவும் படிக்கத் தக்கது, பக்கத்து இலைக்காரர் அதை மறுத்து எழுப்பிய ஒலி மட்டும் தெளிவாக உள்ளது. இதற்கு மேற்பட்ட ஆதாரமும் உண்டு. ஆ அந்தப் பாலத்தை 1964 புயலுக்கு மறுநாளே பார்த்தவராம். புயல் பாலத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோனதும், தூக்குப்பகுதி தப்பியதும், ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் மறுபடி நின்றதும் உண்மை. ஆ-வுக்கு அப்போது மூன்று வயது என்பதும் உண்மை.

இக்கட்டுரையாளன் விவாதத்தைத் தீர்த்துவைக்க முயன்றதைப் பதிவுசெய்வது கடமை. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் போகையில் இடப்பக்கம் மன்னார் வளைகுடா. திரும்பி வருகையில் அதே இடப்பக்கம் பாக் விரிகுடா. அ நினைத்துக்கொண்டிருப்பது விடுதிக்குப் போன பயணத்தை, ஆ நினைத்துக்கொண்டிருப்பது லீவுக்கு வீட்டுக்கு வந்த பயணத்தை. இருவர் சொல்வதும் சரி. இதைச் சொன்னதும் ஆண்டுக்கணக்காகப் பிரிந்து கிடந்த இரு கட்சியும் அந்தக் கணமே ஒன்றுசேர்ந்தன. "தம்பி, நீங்க அந்த ரயில்ல போயிருக்கீகளா?" என்றார் அ. "அவருக்கு என்ன தெரியும், விடு மாப்ள" என்றார் ஆ. சேர்ந்து டீ குடித்தார்கள். எனக்கு வாங்கித் தரவில்லை.

அன்று மாலை ஆ தங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திருத்தம் போட, அ அதற்கு ஒரு திருத்தம் போட்டார். இதே இராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர், குறளைத் 'திருத்தி' அச்சிட்ட வெள்ளைக்காரர் ஒருவரின் பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொளுத்தினார் என்பார்கள். நம் தோழர்களுக்கு அவ்வளவு செலவில்லை. வாட்ஸ்அப்பில் அழிக்கும் பொத்தான் இருக்கிறது.

பெண் தோழியர் பற்றி இவ்வாய்வில் தரவு இல்லை. ஒரே வகுப்பில் படித்த அம்மையார் ஒருவரைக் கேட்கப் போனேன். "பேத்திய ஸ்கூல்ல விட்டுட்டு, மார்க்கெட் போயிட்டு, அவருக்கு மாத்திரை குடுத்துட்டு வந்து சொல்றேன் தம்பி. என்ன கேட்டீக, பொழுதுபோக்கா?" என்றார். பெண்களிடம் பொழுதுபோக்கு உணர்வு வளரவில்லை என்று எழுதிவிடுமாறு நெறியாளர் ஒருவர் ஆலோசனை கூறினார். அவர் பெயரை நன்றியுரையில் சேர்ப்பதாயில்லை.

நிறைவாக, தகவலாளிகள் நால்வரிடமும் ஒரே வினாநிரல் தரப்பட்டது. பத்தாவது வினா: கப்பல் வராது, பாலம் தூக்கமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த நாளில் அங்கே போவதன் நோக்கம் என்ன? அ-வும் இ-யும் ஈ-யும் விடையளிக்காமல் ஆ-வைப் பார்த்தார்கள். ஆ சொன்னார்: "இவன்லாம் வருவான்ல."

இவ்விடை பாலத்தைப் பற்றியதன்று. ஆகவே ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.