எட்டரை மணி ஜெபம்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேரடியாகக் குறை சொல்வதில்லை. எல்லாம் ஆண்டவர் மூலமாகத்தான்.

இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். பாளையங்கோட்டைப் பக்கம் இது புதிதல்ல. அந்த நேரத்தில் தெருவில் நடந்து போனால் ஒரு வீட்டில் கீர்த்தனை முடியும்போது அடுத்த வீட்டில் பாமாலை தொடங்கும். நடுவில் ஒரு வீட்டில் சீரியல் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். எங்கள் வீட்டு ஒழுங்கு மாமனார் காலத்தில் ஏற்பட்டது. ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களுக்குத் "தோத்திரம்" சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இதில் வரிசைதான் முக்கியம். இளையவரில் தொடங்கி மூத்தவரில் முடியும். முதலில் மகன், அப்புறம் பிளஸ் ஒன் படிக்கிற மகள், அப்புறம் நான், அப்புறம் இவர், கடைசியில் அத்தை. மாமனார் மரியாதையை உத்தேசித்துத்தான் இப்படி வகுத்திருப்பார். ஆனால் அதனால் என் மாமியாருக்கு இந்த வீட்டின் கடைசிச் சொல் நிரந்தர உரிமையாகிவிட்டது. அவர் பேசிய பிறகு பதில் சொல்ல அன்றைக்கு வேறு ஆள் இல்லை. பரமண்டல ஜெபத்தில் நம் சொந்தச் சரக்கு எதையும் இடையில் செருக முடியாது.

"பரம தகப்பனே, அடுப்படியில் பாடுபடுகிற என் மருமகளின் கைகளை ஆசீர்வதியும். இன்றைக்கு ரசத்தில் புளியை அள்ளிப் போட்ட அந்தக் கைகளுக்கு நாளைக்காவது நிதானத்தைக் கட்டளையிடும்."

கண்ணை மூடி, கையைக் கோத்து உட்கார்ந்திருக்கிற மனுஷி இதற்கு என்ன செய்ய முடியும்? முடிவில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகையை வாசித்து முடித்ததும் "அப்படியே ஆகக்கடவது" என்று குற்றவாளியே சொல்லும் நீதிமன்றம் எங்கள் வீட்டு நடுக்கூடம் மட்டும்தான்.

பிள்ளைகள் இந்தக் கலையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். மகனுடையது இன்னும் பச்சையாக இருக்கிறது: "அக்கா சார்ஜரை ஒளிச்சு வைக்காம இருக்க அவளுக்கு நல்ல மனசைத் தாங்க ஏசப்பா." மகள் தேறிவிட்டாள். "தெற்கு பஜார் நெரிசலில் வண்டி ஓட்டும் அப்பாவின் நாவைக் காத்தருளும்" என்று அவள் ஜெபித்த அன்று, இவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்ததை நான் பார்த்தேன். அதாவது நானும் திறந்திருந்தேன். எங்கள் வண்டியின் முன்பக்கம் வசன ஸ்டிக்கர் உண்டு. பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு அது தெரியாது, ஓட்டுகிறவர் சொல்வது மட்டும்தான் கேட்கும்.

இவருடைய இலாகா நிதி. "வருமானத்துக்கு உட்பட்டு வாழும் ஞானத்தை இந்தக் குடும்பத்துக்குத் தாரும்" என்பார். இந்தக் குடும்பம் என்பது நான். அன்று மத்தியானம் பார்சல் வந்திருக்கும். நான் முந்திக்கொண்டு, கட்டிலில் ஈரத்துண்டைப் போடாதிருக்கும் கிருபை எல்லா ஆண்மக்களுக்கும் வேண்டும் என்று ஏற்கெனவே விண்ணப்பம் வைத்திருப்பேன்.

வெளியாட்கள் இருக்கும் நாளில் இதெல்லாம் கிடையாது. சித்தப்பா குடும்பம் வந்திருந்தால் மழைக்காக ஜெபிப்போம், மிஷனரிகளுக்காக ஜெபிப்போம், மத்திய கிழக்கின் சமாதானத்துக்குக்கூட ஜெபிப்போம். புளி விஷயம் ஒருநாள் தள்ளிப்போகும்.

எங்கள் வாசல் நிலைக்கு மேலே யோசுவா 24:15 மாட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அதே வசனம்தான். கிழவரான யோசுவா சீகேமில் எல்லாக் கோத்திரத்தாரையும் கூட்டி வைத்து, தன் சார்பிலும் தன் வீட்டார் சார்பிலும் கர்த்தரையே சேவிப்போம் என்று ஓர் உறுதிமொழி கொடுத்தார். வீரமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டார் யார்? யோசுவாவின் மனைவியைப் பற்றி வேதாகமத்தில் ஒரு சொல் கிடையாது. பிள்ளைகளைப் பற்றியும் கிடையாது. கூட்டத்துக்குக் கிளம்புமுன் அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாரா, திரும்பி வந்தபோது அவருக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் நம் கற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது. ஜனங்களுக்கு முன்னால் வீட்டார் சார்பில் பேசுவது எளிது. வீட்டாருக்கு முன்னால் பேசுவதுதான் கஷ்டம்.

பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஓர் அப்பன் விசுவாசத்தோடு பிள்ளையின் பீத்துணியை அலசினால், ஊரார் சிரித்தாலும் கடவுளும் தூதர்களும் அவனைப் பார்த்து மகிழ்வார்கள் என்பது அதில் ஒரு கருத்து. படித்ததும் மனிதர் எவ்வளவு அனுபவஸ்தர் என்று தோன்றும். அவருக்குக் கல்யாணம் நடந்தது 1525-இல். துணியைப் பற்றி எழுதும்போது அவர் பிரம்மச்சாரி! கல்யாணத்துக்குப் பிறகு ஆறு பிள்ளைகள். விட்டன்பர்க்கில் அவர்கள் குடியிருந்த பழைய மடத்தில் மாணவர்களும் விருந்தாளிகளுமாக எப்போதும் கூட்டம். அத்தனை பேருக்கும் சாப்பாடு, தோட்டம், பன்றிகள், பீர் காய்ச்சுவது எல்லாம் மனைவி கத்தரீனாவின் பொறுப்பு. அவர் மட்டும் ஒரு நூல் எழுதியிருந்தால் அதை வாங்கி என் மாமியாருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.

ஜான் வெஸ்லி கதை இன்னும் சங்கடம். 1947-இல் உருவான எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் அவர் வழிவந்த மெதடிஸ்டுகளும் உண்டு. ஆகையால் அவர் எங்களுக்கும் தாத்தா முறை. 1751 பிப்ரவரியில் லண்டன் பாலத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவரை, மேரி வஸீல் என்ற விதவை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கால் சரியாகும் முன்பே கல்யாணம். அதன் பிறகும் வெஸ்லி பிரசங்கத்துக்காகக் குதிரையில் ஊர் ஊராகப் போவது நிற்கவில்லை. 1771 ஜனவரியில் அந்த அம்மாள் வீட்டை விட்டுப் போனார். நான் விட்டுவிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை, திரும்பக் கூப்பிடப்போவதும் இல்லை என்ற பொருளில் வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதுவும் லத்தீனில்! ஆயிரக்கணக்கானோரை மனந்திரும்ப வைத்த மனிதர் வீட்டு விவகாரத்தைப் பக்கத்து ஆளுக்குப் புரியாத மொழியில் எழுதுகிறார். அவர்கள் வீட்டில் எட்டரை மணிக்கு ஒன்றாக உட்கார வைக்க ஒரு மாமியார் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அத்தையிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. வேத வாசிப்பு ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகும், எதையும் தாண்டக்கூடாது. 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்ப் பட்டியல். ஒருவன் இன்னொருவனைப் பெற்றான், அவன் வேறொருவனைப் பெற்றான். மகன் திக்கித் திணறி வாசிப்பான். இவர் கொட்டாவியை அடக்குவார். அடுப்படியில் தோசைமாவு பொங்கி வழியும். "தாத்தாமார் பேரைத் தாண்டிப் போனா நாளைக்கு உன் பேரையும் ஒருத்தன் தாண்டிப் போவாம்ல" என்பார் அத்தை. இதற்கு மறுமொழி சொல்லும் வேதபண்டிதர் இன்னும் பிறக்கவில்லை.

கைப்பிடி அரிசியிலும் அதே கறார். எங்கள் பக்கம் உலையில் அரிசி போடுமுன் ஒரு கை அள்ளி ஆலயத்துக்கென்று தனியே வைப்பது வழக்கம். மிசோரம் சபைகளிலும் இதே பழக்கம் 1910-லிருந்து இருக்கிறது. அங்கே பிடி அரிசி சேர்ந்தே மிஷனரிப் பணி நடக்கிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் ஆண்டவருக்கென்று ஒரு டின், அதில் ரேஷன் அரிசி. எங்களுக்கென்று ஒரு டின், அதில் பொன்னி. அது மாமனாருடைய சிக்கன ஏற்பாடு. அவர் காலமான வருஷமே அத்தை இரண்டு டின்னையும் கவிழ்த்து ஒன்றாகக் கலந்துவிட்டார். அன்றிலிருந்து ஆண்டவரும் நாங்களும் ஒரே சோறுதான் சாப்பிடுகிறோம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை; எட்டரை மணிக்குக்கூடச் சொல்லவில்லை. மாமனாரின் படத்துக்கு நேர் கீழே அந்த டின் இருக்கிறது.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் வாரத்திலேயே அதிகக் கோபமான வேளை எது என்றால் ஞாயிறு காலை ஆராதனைக்கு முந்தின ஒரு மணி நேரம். குளியலறை ஒன்று, ஆள் ஐந்து. மகனின் ஒரு ஷூ கட்டிலுக்கு அடியில். இஸ்திரி போடும்போது கரண்ட் போகும். அன்றைக்கு ஆலயத்தில் நிருப வாசிப்பு இவருக்கு. ஆகவே ஏழரைக்கே வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கத் தொடங்கினார். நான் சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டு வெளியே வந்தபோது, தெருவே கேட்க, "உங்க வீட்டுல யாருக்குத்தான் நேரம் தெரிஞ்சிருக்கு?" என்றார். உங்க வீடு என்றால் என் அப்பா, அம்மா.

ஆலயத்தில் அவர் வாசிக்க எழுந்தார். 1 கொரிந்தியர் 13. அன்பின் அதிகாரம்! நன்றாகத்தான் வாசித்தார். பொறுமையைப் பற்றிய இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுத்ததுகூட. பக்கத்தில் இருந்த அக்கா என் காதருகே குனிந்து, "உங்க வீட்டுக்காரவ குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம், என்ன?" என்றாள். நானும் காலையிலேயே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அன்று பகல் முழுக்க நான் பேசவில்லை. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணிய வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் சூரியன் ஆறேகால், ஆறரைக்கெல்லாம் போய்விடும். எங்கள் ஜெபமோ எட்டரைக்கு. ஆக எந்தச் சண்டையும் பவுல் கெடுவைத் தாண்டித்தான் ஜெபத்துக்கு வந்து சேர்கிறது. இதை நான் ஒருமுறை அத்தையிடம் கேட்டேன். "அஸ்தமிச்ச பொறவு ஆரம்பிச்ச சண்டைக்கு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்லா" என்றார். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியவர்.

எட்டரைக்கு உட்கார்ந்தோம். நான் என் முறையில் மழைக்காக மட்டும் ஜெபித்தேன். வீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அடுத்து இவர். வழக்கமான துதி, வழக்கமான நிதி. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இன்று காலையில் என் வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தைகளை மன்னியும், ஆண்டவரே."

அதற்குப் பின் அத்தை. "கர்த்தாவே, எங்கள் சம்பந்திமாருக்கு நீண்ட ஆயுளைத் தாரும். அவர்கள் நேரம் தவறாத ஜனங்கள் என்பதை நீர் அறிவீர். கல்யாணத்தன்று ஆலயத்துக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது இந்த வீட்டு மாப்பிள்ளைதான் என்பதையும் நீர் அறிவீர்."

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக ஆமென் சொன்னதில்லை.

அப்புறம் அடுப்படியில் வைத்து இவரைப் பிடித்தேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு என்ன சொல்லியிருக்கிறார்? காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஆளோடு ஒப்புரவாகு, பிறகு வா என்கிறார். நீங்கள் என்னடாவென்றால் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களே என்றேன். இவர் தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "அதுல சகோதரன்னுதான் போட்டிருக்கு" என்றார்.

சிரித்துவிட்டேன். என்ன செய்வது? இவருடைய அப்பா அவர் மனைவியிடம் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டதாக இந்த வீட்டு வரலாற்றில் பதிவு இல்லை. என் அப்பாவும் கேட்டதில்லை. சண்டை போட்ட அன்று சாயங்காலம் வரும்போது ஒரு பொட்டலம் அல்வா வரும், அம்மா புரிந்துகொள்வாள், சர்க்கரை வியாதி வந்தபின் அதுவும் நின்றது. எங்கள் ஆண்களுக்குக் கண்ணைத் திறந்துகொண்டு அந்த வார்த்தை வராது. மூடிக்கொண்டால் வருகிறது என்றால், மூடிக்கொள்ளட்டும் என்றுதான் இருக்கிறேன். குறை சொல்வதற்காக வைத்த வழியில் எப்போதாவது இதுவும் வந்து சேர்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில், தேவபக்தியை முதலில் சொந்த வீட்டில் காட்டிப் பழகு என்கிறார். அவர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மனதில் வைத்துச் சொன்னது. எங்கள் வீட்டில் பழகப் பழக மகளுக்கு வக்கீல் ஆகும் ஆசை வந்திருக்கிறது.

போன வாரம் ஐயர் வீடு சந்திக்க வந்தார். சபை குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. அத்தை அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டு, ஜெபக் குறிப்புகளைத் தணிந்த குரலில் கொடுத்தார். டம்ளரோடு நான் வரும்போது "புளி" என்ற சொல் காதில் விழுந்தது. ஐயர் அனுபவசாலி, எத்தனையோ வீடு ஏறி இறங்கினவர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று, இந்தக் குடும்பத்தில் அன்பும் ஐக்கியமும் பெருகும்படி இரண்டே நிமிடத்தில் ஜெபித்து முடித்து, முறுக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அத்தை சொன்னார்: "என்னம்மா, பொதுவா ஜெபிச்சிட்டுப் போயிட்டாவ? யாருக்குன்னு ஆண்டவருக்கு எப்படித் தெரியும்?"

காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன். "அவருக்குத் தெரியும் அத்தை" என்றேன்.

"அவருக்குத் தெரியும்ட்டி. உனக்குத் தெரியணும்லா?"