தீப்பெட்டிக்குள் மாயாவி

"மொதல்ல ஃபேனை நிறுத்து மாப்ள."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலிலிருந்து இந்தக் குரல் வந்தால், வந்திருப்பவர் பழைய காமிக்ஸ்காரர் என்று அறிக. மதுரையில், மே மாதத்தில், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருவார். அவருக்குக் காற்று ஆகாது. பக்கத்தில் காப்பி டம்ளர் ஆகாது. குழந்தைகள் ஆகவே ஆகாது. வடை தின்ற கையோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் பாம்பைக் கண்டவர் மாதிரி எழுந்துவிடுவார்.

சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் மஞ்சள் பையை வைத்துப் பிரிக்க ஆரம்பிப்பார். பைக்குள் பாலிதீன் கவர். கவருக்குள் துவைத்துக் காய்ந்த வேட்டிக் கிழிசல். கிழிசலுக்குள் பட்டர் பேப்பர். அதற்குள்ளிருந்து ஒரு வசம்புத் துண்டு உருண்டு விழும். அதைப் பொறுக்கி மோந்து பார்த்து, "இன்னும் வீரியம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இவ்வளவும் ஆன பிறகுதான் மூலவர் தரிசனம்: முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி.

மாயாவியைத் தெரியாதவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1962-ல் இங்கிலாந்தில் வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில் பிறந்து, 1972-ல் சிவகாசிக்கு வந்து சேர்ந்தவர். ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவரைப் படித்துவிட்டு பிளக் பாயின்ட்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்ற தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு.

இவருடைய பிரதியில் பின்னட்டை இல்லை. முன்னட்டையில் பாதி இல்லை. நடுவில் இருந்த இரண்டு பின்னும் துருப்பிடித்து, பின் போன இடத்தில் காவிப் பொட்டு வைத்ததுபோலக் கறை. கீழ் மூலையை எலி சுவைத்துப் பார்த்து, பிடிக்காமல் விட்டிருக்கிறது. உச்சகட்டம் நடுப்பக்கத்தில். ராமபாணப் பூச்சி இருபது பக்கத்துக்கு நேராகத் துளை போட்டுக்கொண்டு போனதில், ஒரு கட்டத்தில் மாயாவியின் கையும் அகப்பட்டிருக்கிறது. எந்த வில்லனாலும் முடியாத காரியம் அது. இரும்புக்கையில் ஓட்டை.

தரிசனம் முடிந்ததும் கேள்வி. பதினொரு வருடமாக அதே கேள்வி.

"இதை ரிப்பேர் பண்ணலாமா, இப்படியே விட்டுரலாமா? மனசுல பட்டதைச் சொல்லு."

மனசில் பட்டதைச் சொல்லும் தவறை நீங்கள் செய்யக்கூடாது. நான் செய்திருக்கிறேன், பல தடவை. "ஒட்டிரு" என்று சொன்னால் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்விடுவார். அங்கே பழைய காமிக்ஸுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து சீல் அடித்துத் தருவதற்கே 2000-லிருந்து ஒரு கம்பெனி இருக்கிறதாம். கை வைக்காத புத்தகத்துக்கு நீலச் சீட்டு. கிழிசலை ஒட்டி, போன கலரைத் தொட்டுத் தொட்டு நிரப்பியதற்கு ஊதாச் சீட்டு. ஊதா விழுந்தால் விலையும் விழுந்தது என்பார். சிவகாசிப் புத்தகத்துக்குச் சீட்டு ஒட்ட ஃப்ளோரிடாவிலிருந்து எவன் வரப்போகிறான் என்று கேட்டேன். "இன்னைக்கு வர மாட்டான்" என்றார்.

சரி, அடுத்த முறை "விட்டுரு" என்று சொல்லிப் பார்த்தேன். முகம் தொங்கிவிட்டது. "எப்படிடா மனசு வருது ஒனக்கு?" என்று ஆரம்பித்தவர், மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டு பிறக்கிறது, வெளிச்சமும் சூடும் பட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளமாகி நொறுங்கிவிடும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். லிக்னின் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றேன். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொல்லித் தப்பலாம் என்றும் பார்த்தேன். கிழிசலில் ஒட்டியிருக்கும் டேப்பை மட்டும் எடுத்துவிடேன் என்றேன். டேப் என்று சொல்லியிருக்கக் கூடாது. செல்லோடேப்பின் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும், மேலே உள்ள பிளாஸ்டிக் உதிர்ந்தாலும் கறை போகாது, இழுத்தால் மையும் சேர்ந்து வரும் என்று சொல்லி, டேப் ஒட்டிய மடையனை வாய்க்கு வந்தபடி வைதார். ஒட்டியவர் அவரேதான். ஒன்பதாம் வகுப்பில்.

பைண்டிங்காரரிடம் ஒரு தடவை கூட்டிப்போனேன். பாவம் அந்தப் பெரியவர், மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டிக்கொண்டே புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஓரத்தை ஒரு வெட்டு வெட்டி, காலிகோ போட்டு, கல்லு மாதிரி ஆக்கித் தாரேன்" என்றார். 'வெட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஆள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். வீடு வந்து சேரும்வரை பேச்சே இல்லை.

உருப்படியான வழி இல்லாமலில்லை. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கிழிசலின் பின்பக்கம் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார்கள். பிறகு வேண்டாமென்றால் ஈரப்படுத்திப் பிரித்துக்கொள்ளலாம். கலர் பூசுவதில்லை, ஓரம் வெட்டுவதில்லை. இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அப்படியானால் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களுக்காக 1994-லேயே சென்னையில் நூலகம் வந்துவிட்டதே, பழைய தாளைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருப்பவர்களாச்சே, அவர்களிடம் ஒரு வார்த்தை கேள் என்றேன்.

"அவுங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

மறுபதிப்பு வந்திருக்கிறதே, நல்ல தாளில், வாங்கிப் படியேன் என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். "அதுல வாசனை இல்லம்மா" என்றார். வாசனை என்று அவர் சொல்வது வசம்பும் எலிப் புழுக்கையும் கலந்தது.

இந்த ஆராய்ச்சியில் ஒன்றை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. கருத்துக் கேட்பதற்காகப் புத்தகத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓரத்திலிருந்து ஒரு துணுக்காவது உதிர்கிறது. அதை அவர் பார்க்காமலில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, பெயின்டிங் பிரஷ்ஷால் துணுக்கை அதற்குள் தள்ளி மூடி வைத்துக்கொள்கிறார், என்றைக்காவது ஒட்டும்போது வேண்டுமாம். தீப்பெட்டியும் சிவகாசிதான். ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டுக் கேட்டே முதல் தீப்பெட்டி நிரம்பிவிட்டது. இப்போது இரண்டாவது.

ஒரே ஒரு முறை அவரை எனக்கு மிகவும் பிடித்தது. போன வருடம் ஒரு ராத்திரி. பாதிப் பிரசங்கத்தில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஏற்ற விடவில்லை, பொறி பறக்குமாம். இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர் மெல்ல ஆரம்பித்தார். முதல் பக்கத்திலிருந்து, கட்டம் கட்டமாக, போலீஸ்காரருக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல், ஓட்டை விழுந்த பக்கங்களில் ஓட்டைக்குள் போன வார்த்தைகளையும் சேர்த்து. புத்தகம் மடியில் மூடித்தான் இருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது, பதினொரு வயதில் வியர்த்த மாதிரியே. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்தால் மாயாவி மறைய வேண்டியதுதானே. "ஃபேனை நிறுத்து" என்றார்.

இவ்வளவு சொன்னவன் மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் நீல மையில் ஒரு கிறுக்கல் இருக்கிறது. அதைத்தான் அந்தப் புத்தகத்தின் பெரிய சேதாரம் என்பார். "எவனோ ஒரு பய பேனாவால கிறுக்கி வச்சிருக்கான் பாரு. இந்த இங்க் போறதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று என்னிடமே கேட்பார்.

அந்தப் பயல் நான். கிறுக்கல் என் பெயர், ஆறாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. 1978 கோடை விடுமுறையில் "ஒரே நாள்ல தந்துர்றேன்டா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது பார்த்தேன். என் பெயரின் கடைசி எழுத்து அங்கே இல்லை. தீப்பெட்டிக்குள் போய்விட்டது.